நிலம் ஆடியதா என்று கேட்டு வந்தவர்

டீயைக் குடித்துவிட்டு, அது நன்றாக இருந்ததா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவரோடு அலைந்தும் இருக்கிறேன். கேலிக்காகக் கேட்கமாட்டார். தன் நாக்கு ஒரு சாட்சி, என் நாக்கு இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால்தான் டீ நன்றாக இருந்ததாக அவர் மனதில் பதியும். சிவகாசி பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை வைத்திருந்தவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"பக்கத்துக் கடையிலயும் போயி என் டீ எப்படின்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருங்க சார். அதுவரைக்கும் ஆறாமப் பாத்துக்கிறேன்."

டீ குடித்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் சொல்றத எடுத்துக்க முடியாதுங்க. அவருக்கு இதுல சொந்த லாபம் இருக்கு" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பூகம்ப ஆபீசர் என்பார்கள். அதனால் நானும் பெயரை விட்டுவிடுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைப் பக்கம் நிலம் ஆடி ஊர்கள் இடிந்து விழுந்த மறு வருஷம் அது. அதற்கு முன்பெல்லாம், தெற்கே பாறை உறுதியானது, நமக்கு அந்தப் பயம் கிடையாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொய்னாவுக்குப் பிறகு மேலிடத்தில் இருந்தவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. வைப்பாற்றின் பக்கம் அணை ஒன்று கட்டலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. கட்டுவதற்கு முன், இந்தச் சீமையில் நிலம் எவ்வளவு ஆடக்கூடும் என்று ஒருவர் பார்த்து எழுத வேண்டும். அதைக் கணிக்க என்னென்ன முறைகள் உண்டு, அவற்றில் இந்த மண்ணுக்கு எது சரிப்படும் என்று ஒப்பிட்டும் எழுத வேண்டும். அதற்காக அவரை அனுப்பினார்கள். விருதுநகரில் பொதுப்பணித்துறை ஓவர்சியராக இருந்த என்னை அவருக்குத் துணையாகப் போட்டார்கள்.

ஒப்பிட்டு எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கமாட்டார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, முன்னால் கொஞ்சம் கூனல். கையில் ஒரு கடிகாரம், பையில் ஒரு கடிகாரம். இரண்டும் வேறு வேறு மணி காட்டினால் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புவார். சாத்தூர் பஸ் எப்போது என்று ஒருவரிடம் கேட்டால் போதாது. மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் மூன்று நேரம் சொல்லி, அதில் எது சரியென்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விடும். அப்படி எத்தனை பஸ்ஸை விட்டோம் என்று அந்தக் காலத்தில் நான் கணக்கு வைத்திருந்தேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது.

"ஒரு வழியில தெரிஞ்சது தெரிஞ்சதே இல்ல, ஓவர்சியர்" என்பார். இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் அவர் படுத்ததில்லை.

நில நடுக்கத்தைப் பொறுத்தவரை அவரிடம் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஜனங்களைக் கேட்பது. எப்போதாவது நிலம் ஆடியதா, தொங்கின விளக்கு அசைந்ததா, அடுக்கின பானை விழுந்ததா, தூங்கினவர்கள் எழுந்தார்களா, சுவர் விரிந்ததா என்று ஊர் ஊராகக் கேட்டு, பதிலை வைத்து ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் கொடுத்து வரைபடத்தில் குறிப்பது. இரண்டாவது, கருவி. மூன்றாவது, பாறையைப் பார்ப்பது: எங்காவது பிளவு இருக்கிறதா, ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியிருக்கிறதா என்று ஓடை ஓடையாக, கிணறு கிணறாக இறங்கித் தேடுவது.

மூன்றும் வேறு இடத்தில் நல்ல வழிகளாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் மூன்றுக்கும் ஆபத்து இருந்தது. கிணற்றில் இறங்கினால் மேலே ஆள் உயரத்துக்குக் கரிசல், பாறையை மூடிக்கொண்டு கிடக்கும். சுவரில் விரிசல் பார்க்கலாம் என்றால், அதே கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கி ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் வருஷா வருஷம் விரித்து வைத்திருக்கும். விரிசல் இல்லாத வீடு ஒன்று கண்ணில் பட்டால் அவர் அதிசயப்பட்டு நின்றுவிடுவார். விசாரித்தால் போன மாதம்தான் பூசினோம் என்பார்கள்.

ஜனங்களைக் கேட்பது அதைவிடக் கஷ்டம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் வாழ்கிறவர்களிடம் போய், நிலம் ஆடினதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? தரை அதிர்ந்தால் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் கம்பெனி? பூமிக்குள்ளிருந்தும் ஒரு அதிர்வு வரலாம் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நாரணாபுரத்தில் ஒரு பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "பூமி எதுக்குய்யா ஆடணும்? இங்கன நாங்க ஆட்டுற ஆட்டம் போதாதா" என்றார்.

கருவிக்கு வந்தால் அது தனிக் கதை. அதை வைக்கச் சந்தடி இல்லாத இடம் வேண்டும் என்று தேடி, நாரணாபுரத்துக்கு வெளியே பொட்டலில் காலியாகக் கிடந்த ஒரு கிட்டங்கியை, பட்டாசு மருந்து வைக்கிற கட்டடத்தைப் பிடித்தோம். சுற்றிலும் மண்மேடு, தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு. கருவியில் ஒரு கனத்த இரும்புக் குண்டு தொங்கும். அதோடு சேர்ந்த ஊசி, சுழலுகிற உருளையில் சுற்றிய கரிபிடித்த காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். நிலம் அசைந்தால் கோடு அசையும். காகிதத்துக்குக் கரி ஏற்ற மண்ணெண்ணெய் விளக்கு வேண்டும். கிட்டங்கி காலியாக இருந்தாலும் கிட்டங்கிதான் என்று காவல்காரர் விளக்கை உள்ளே விடவில்லை. என் இடுப்பில் இருந்த தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆகையால் லாட்ஜின் பின்கட்டில் காகிதத்தைப் புகையில் காட்டி, மேலே எதுவும் படாமல் பஸ்ஸில் கொண்டுபோவோம். ஒரு நாள் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் இருந்த கோழி இறக்கையை அடித்துக்கொண்டதில், கருவிக்குப் போவதற்கு முன்பே காகிதத்தில் பெரிய பூகம்பம் ஒன்று பதிவாகிவிட்டது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. கோழிக் கோடு எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்றார்.

அந்தக் கிட்டங்கியை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஊசியைப் பொருத்திய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று பட்டால் ஊசி ஆடும், நாங்கள் நடந்தால் ஊசி ஆடும். ஒரு மத்தியானம் காவல்காரர் உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் கதவைத் தட்ட எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தட்டாதீங்க. ஊசி ஆடும்."

"சார், வெளிய போக வேண்டாமா?"

"அந்த ஆள் எப்படியும் வருவார். இந்தக் கோடு போனா வராது."

சித்திரை வெயில். இருட்டில் வியர்வை சொட்டுகிற சத்தம் கேட்டது. வேறு வேலை இல்லாமல், கதவு இடுக்கில் வந்த வெளிச்சத்தில் கதவில் அடித்திருந்த பித்தளை ஆணிகளை எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடியும் எண்ணினேன். அவர் பாட்டுக்குத் தன் மூன்று வழிகளைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஜனங்களுக்கு ஞாபகம் நீளம், ஆனால் கலங்கல். கருவிக்குக் கலங்கல் கிடையாது, ஆனால் அது நேற்றுத்தான் பிறந்தது. பாறைக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்காது. மூன்றையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் கிடைப்பான் என்றார். சாயங்காலம் காவல்காரர் வந்து திறந்தபோது நான் மண்மேட்டில் போய் விழுந்தேன். அவர் உருளையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் திறந்த இடம் கோட்டில் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினார்.

அந்தக் காகிதங்களில் எல்லாம் இருந்தது. கல்குவாரி வெடி, லோடு லாரி, வெடி சோதித்துப் பார்க்கிற கம்பெனிகள், இருக்கன்குடி கோயில் கொடைக்குப் போன வண்டிகள். பூகம்பம் மட்டும் இல்லை. இருந்தாலும் அது எது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

போர்மேன் எங்களைத் தேடி வந்தது இந்தச் சமயத்தில்தான்.

லாட்ஜ் வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். முந்தின வருஷம் தீபாவளி சீசனில் ஒரு சாயங்காலம், மருந்து சலிக்கிற அறையில் சுவர் விழுந்து, மருந்தும் வெடித்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் செத்துப்போனாள். அளவுக்கு மேல் மருந்தை உள்ளே வைக்கவிட்டார், அதனால் அது வெடித்துச் சுவர் விழுந்தது என்று போர்மேன் மேல் கேஸ். அவர் தரப்பு வேறு: நிலம் ஆடியது, சுவர் விழுந்தது, விழுந்த கல் உரசித்தான் மருந்து பற்றியது. ஊரில் நிலம் ஆடியதா என்று விசாரிக்க ஆபீசர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"வாசல்ல முதுகு காட்டி நின்னேன்யா. காலு ஆடுச்சு. முதுகு சுட்டுச்சு. முந்தி காலுதான்னு வக்கீல்கிட்டச் சொல்லியிருக்கேன்."

"எங்கிட்ட என்ன சொல்றீங்க?"

போர்மேன் துண்டை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். "ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்கே தெரியல."

இந்தப் பதில் ஆபீசருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொன்னால் அவர் அந்த ஆளுக்கு நாற்காலி போடுவார். போட்டார். செத்துப்போன பெண் யார் என்று கேட்டார். சம்சாரத்தின் கூடப்பிறந்த தங்கை, செல்லத்தாயி, நான்தான் கம்பெனியில் சேர்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, போர்மேன் நாற்காலியில் உட்காராமலே போய்விட்டார்.

அடுத்த நாளே தாயில்பட்டிக்குப் போனோம். அன்றைக்கு நிலம் ஆடியிருந்தால் அது தன் வரைபடத்தில் இருக்க வேண்டிய விஷயம், கேஸுக்காகப் போகவில்லை என்று வழி நெடுக என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். போர்மேனின் சம்சாரம் முத்துமாரி தீப்பெட்டி ஆபீஸில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை செய்பவள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள். புருஷன் அங்கேயேதான், முற்றத்து வேப்பமரத்தடியில் தனியாகக் கிடந்த தன் பாயில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவுகளக் கேளுங்க" என்று எங்களிடம்தான் சொன்னாள்.

நாங்கள் கிளம்பும்போது வாசல் தாண்டி வந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஆபீசரிடம் சொன்னாள்:

"ஜெயிலப் பத்தி நான் கேக்கலய்யா. அவுக போனாப் போயிட்டு வாராக. ஒரே வீட்டுல இருக்கேன். எந் தங்கச்சியக் கொன்னது அந்தச் சுவரா, இவுகளான்னு தெரியாம எம்புட்டு நாளைக்கு இந்த ஆளுக்குச் சோறு போட?"

"பார்ப்போம்மா, வேற வழியிலயும் பார்ப்போம்" என்று அவர் ஏதோ முணுமுணுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு கடிகாரத்தையும் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு மாதக் கணக்கில் அந்த ஒரு சாயங்காலத்தைத் தேடினோம். மலைமேல் ஒரு நிலையத்தில் பழைய கருவி ஒன்று இருந்தது. அங்கே எழுதிக் கேட்டார். அன்று மாலை சிறு அசைவு ஒன்று உண்டு, ஆனால் பக்கத்து நில நடுக்கமா, எங்கோ தொலைவில் நடந்ததா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது என்று பதில் வந்தது. பாறை வழக்கம்போல வாய் திறக்கவில்லை. மிஞ்சியது ஜனங்கள். செல்லத்தாயி செத்த சாயங்காலம் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த அதிர்ச்சி வந்தபோது எந்தத் திசையைப் பார்த்தீர்கள், எந்த ஊர் என்று நினைத்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டோம்.

ஒரு நாள் லாட்ஜ் கட்டிலில் வரைபடத்தை விரித்துப் போட்டு என்னைக் கூப்பிட்டார். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். தாயில்பட்டிக்காரர்கள் நாரணாபுரம் பக்கம் பார்த்திருந்தார்கள். நாரணாபுரத்துக்காரர்கள் சாத்தூர்ப் பக்கம். இருக்கன்குடிப் பக்கத்தவர்கள் சிவகாசி. வெடிச்சத்தமாக இருந்தால் எல்லா அம்பும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். இவை எட்டுத் திசையும் காட்டின. சத்தம் ஓர் இடத்திலிருந்து வரவில்லை. எல்லார் காலுக்கும் கீழிருந்து வந்திருக்கிறது.

"ஆடினது நிலம்தான், ஓவர்சியர்" என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. ஜீப் கிடைக்கிறவரை பொறுக்காமல் லோடு லாரியில் ஏறித் தாயில்பட்டிக்குப் போனோம். போர்மேன் வீட்டுத் தரையில் வரைபடத்தை விரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல முத்துமாரிக்கு ஒவ்வோர் அம்பாகக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். அவர் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அன்றைக்குத்தான் நான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

"இது எப்பவுமே இப்பிடித்தானய்யா. எங்க சத்தம் கேட்டாலும் எங்க ஊருன்னு சொல்லவே மாட்டோம். சொன்னா நம்மூட்டுல நடந்துருமோன்னு பயம். அதோட ஆபீசர் மாரு வந்து கேட்டா சொந்தக் கம்பெனிய எவன் காட்டிக் குடுப்பான்? பக்கத்து ஊரப் பாத்துத்தான் கையக் காட்டுவோம்."

அவர் விரல் கடைசி அம்பின்மேலேயே நின்றது.

"தங்கச்சி செத்த அன்னைக்கும் நான் ஆபீஸுல குச்சி அடுக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. நாரணாபுரமா இருக்கும்னு பக்கத்துல இருந்தவகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு அடுத்த சட்டத்தக் கையில எடுத்தேன்."

உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் இதைச் சொன்னாள். அந்த அம்புகளுக்கு என்ன அர்த்தம் என்று ஆபீசருக்குப் புரியவைக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் மூன்று மாத வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. போர்மேனுக்குத் தெரிந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆபீசர் வரைபடத்தை மடித்தார். நான்கு மடிப்பாக மடித்தவர், பிரித்து மறுபடி மடித்தார்.

பொய் சொல்லத் தெரியாத சாட்சி வேண்டும் என்று பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நிலம் ஆடினால் கல்லறைச் சிலுவைகள் ஒரே திசையில் சாயும், ஆளைப் போல அவை பக்கத்து ஊரைக் காட்டாது என்பது அவருடைய கணக்கு. சிலுவைகள் எல்லாம் நிமிர்ந்து, வெள்ளையடித்து, வரிசையாக நின்றன. சர்ச்சைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார் எங்களைப் பெருமையோடு சுற்றிக் காட்டினார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சாய்ந்ததையெல்லாம் நிமிர்த்திவிடுவது வழக்கமாம். போன வருஷம் எத்தனை சாய்ந்திருந்தது, எந்தப் பக்கம் என்று இவர் கேட்டார். கொஞ்சம் சாய்ந்துதான் கிடந்தது, கரிசலில் எந்த வருஷம்தான் சாயவில்லை என்றார் உபதேசியார். அங்கே ஒரு கல்லின்மேல் ஆபீசர் உட்கார்ந்துவிட்டார். கிட்டங்கியில் பூட்டிக்கொண்டபோதுகூட அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு கதவாவது இருந்தது, யாராவது வந்து திறப்பார்கள் என்று இருந்தது.

போர்மேனின் வக்கீல் ஆபீசரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். அம்புக்குறி வரைபடத்தைப் பற்றி வக்கீலுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அதை மட்டும் காட்டினால் போதும் என்று இருந்தார். கோர்ட்டுக்கு முந்தின நாள் நான் அவரிடம் சொன்னேன்: அந்தம்மா சொன்னதை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் மட்டும் சொல்லலாம். எதிர்த்தரப்புக்கு அதைக் கேட்கத் தோன்றாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் இரண்டு கடிகாரத்துக்கும் சாவி கொடுத்தார்.

கூண்டில் ஏறி வரைபடத்தைக் காட்டினார். திசைகளைச் சொன்னார். மாஜிஸ்திரேட் முன்னால் குனிந்து பார்த்தார். வக்கீல் திருப்தியோடு கேட்டார்:

"ஆக, அன்றைக்கு நில நடுக்கம் ஏற்பட்டது. ஆம், இல்லை என்று சொன்னால் போதும்."

"இந்த வழியில பார்த்தா ஆமாம். ஆனா இந்த வழிய நானே நம்பல" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, இந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கள் ஊரைக் காட்டமாட்டார்கள் என்பதையும், அதனால் அம்புகளுக்கு மதிப்பில்லை என்பதையும், மலைமேல் கருவி சொன்னதையும், சிலுவைகளையும், கரிசலையும் எல்லாம் சொன்னார். இது தனக்கு யார் சொல்லித் தெரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் முத்துமாரி இருந்தாள். அவளுக்கு எப்போது புரிந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மாஜிஸ்திரேட் ஒன்றே ஒன்று கேட்டார். "மருந்துதான் முதலில் வெடித்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"வேறு யாராலாவது?"

"யாராலயும் முடியாதுன்னு நினைக்கிறேன்."

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து போர்மேனை விட்டுவிட்டார்கள். கோர்ட் வாசலில் யாரும் அவரைக் கைகொடுத்து வாழ்த்தவில்லை. சந்தேகத்தில் விடுதலை ஆன போர்மேனை எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்? வக்கீல் எங்களைப் பார்த்து, "இந்த ஆள நானா கூப்பிட்டேன்" என்று தன் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அறிக்கை அந்த மாதமே போய்விட்டது. கையெழுத்துப் பிரதியை நான்தான் எழுதினேன். மூன்று முறைகளையும் ஒப்பிட்டு, இந்தப் பகுதிக்கு எதையும் தனியாக நம்ப முடியாது என்றும், பல வருஷங்கள் கருவிகளைப் பல இடத்தில் வைத்துப் பார்த்தாலொழிய அபாயத்தின் அளவைச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். தாயில்பட்டிச் சம்பவத்துக்கு ஒரு பத்தி: தீர்மானிக்க இயலவில்லை. மேலிடத்தில் இதைப் படித்து எரிச்சல்பட்டார்கள். அவர்கள் கேட்டது ஓர் எண். அவரை வேறு இடத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது.

கிட்டங்கியில் கருவியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்த அன்று, ஊருக்குப் போவதற்கு முன் தாயில்பட்டிக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போர்மேன் வீட்டில் இல்லை, விறகு வெட்டப் போயிருந்தார். முத்துமாரி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் அதையெல்லாம் தாண்டிப் போயிருந்தாள்.

"கோர்ட்டுல சொன்னத விடுங்கய்யா. அது அவுகளுக்கு. எனக்குச் சொல்லுங்க. எது முந்தி?"

நான் அவரைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்தியை என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு வருஷமாக ஒரு டீ நன்றாக இருந்தது என்றுகூடத் தனியாகச் சொல்லாத மனிதர்.

"சுவர்தாம்மா முந்தி விழுந்தது" என்றார்.

"எந்த வழியில பாத்தீக?"

"எல்லா வழியிலயும் பார்த்தேன்."

"எல்லா வழியிலயுமா?"

"எல்லா வழியிலயும் சுவர்தான்."

முறத்தைக் கையில் பிடித்தபடி அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முறத்தைக் கீழே வைத்தாள். முற்றத்து வேப்பமரத்தடியில் போர்மேன் படுக்கிற பாயும் தலையணையும் கிடந்தன, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து வெளுத்துப்போன பாய். அதை எடுத்து உதறினாள். சுருட்டித் தலையணையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.